மஞ்சள் வராத தண்ணீர்

அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன், அதனால் இதில் பொய் வராது. நான் சொன்ன பொய் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதவேண்டும்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. ஒருமுறை அவர் பெயரைக் கெடுத்தாயிற்று. அவரைக் கேட்காமல் இரண்டாம் முறையும் அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

நான் வேலை செய்யும் வீடு ஹெப்பகோடி தாண்டி, மதில் எழுப்பி கேட் போட்ட வில்லாக்களில் ஒன்று. சமையல், வீட்டைப் பார்த்துக்கொள்வது, சாமி அறை எல்லாம் என் பொறுப்பு. மாடியில் ஹாட் டப் இருக்கிறது. ஆறு பேர் உட்காரும் வெந்நீர்த் தொட்டி, மேலே கனமான மூடி. சாரும் மேடமும் மாதத்தில் இருபது நாள் ஊரில் இருக்கமாட்டார்கள். சிங்கப்பூர், துபாய், டில்லி என்று போய்க்கொண்டே இருப்பார்கள். ஆனால் டப் மட்டும் எந்நேரமும் தயாராக இருக்கவேண்டும். விமானம் இறங்கின அன்றே அதில் இறங்கி உட்கார்ந்தால்தான் சாருக்கு உடம்பு வலி போகுமாம்.

எங்கள் தெருவில் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறை வரும். குடத்தை வரிசையில் வைத்து, பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டு நான் வேலைக்குப் போவேன். அங்கே ஆள் இல்லாத மாடியில் ஆயிரத்தைந்நூறு லிட்டர் தண்ணீர் யாருக்காகவோ சுட்டுக்கொண்டே இருக்கும். முதல் நாளிலிருந்தே அந்த டப்பைக் கண்டால் எனக்கு வயிறு எரியும்.

அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொள்ள வந்தவர்தான் அவர். கோலார் தங்கவயல்காரர். ஐம்பதைத் தாண்டியவர், என்னைவிட இரண்டொரு வயது கூட இருக்கலாம். பழைய மொபெட்டில் ஒரு நீலப் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு வருவார். செருப்பைக் கழற்றி, வெளிக் குழாயில் காலைக் கழுவிக்கொண்டுதான் மாடி ஏறுவார். கோயிலுக்குள் போகிற மாதிரி என்று நான் நினைத்தேன். கேட்டபோது, "என் கால்ல இருக்கற தூசி தண்ணில எதுக்குக்கா?" என்றார். அவ்வளவுதான். அதில் சாமியும் இல்லை, ஒன்றும் இல்லை.

முதல் நாள் காபி டம்ளரை நீட்டி, "சக்கரை போட்டிருக்குண்ணா" என்றேன். ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"ஆமா, போட்டுகீது."

"அதான் சொன்னேனே."

"நீ சொன்ன. நாக்கு இன்னும் சொல்லலியே."

சிரிக்கவும் மாட்டார். கிண்டலா, நிஜமா என்று நமக்குத் தெரியாது. கேட்டைப் பூட்டிவிட்டேன் என்று செக்யூரிட்டிக்காரர் சொன்னாலும் போய் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். அது அவர் வீடுகூட இல்லை. செக்யூரிட்டிக்காரர் என்னிடம் வந்து, "உங்க ஆளு என்னைத் திருடன்னு நெனக்கிறாரா?" என்று கேட்டிருக்கிறார்.

தண்ணீர் விஷயத்தில் இந்தக் குணம் பத்து மடங்கு. மூடியைத் தூக்கினால் அடியில் கிடக்கும் ஊசிகூடத் தெரியும், அப்படிப் பளபளவென்று இருக்கும். நான் பக்கத்தில் நின்று, "தண்ணி நல்லாருக்குல்லண்ணா?" என்பேன். அந்தத் தண்ணீரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே சொல்வார்:

"பாக்கல. பாத்துட்டு சொல்றேன்."

அதற்கப்புறம்தான் பெட்டி திறக்கும். கண்ணாடிபோல் இரண்டு சின்னக் குழாய்கள். கையை முழங்கை வரை உள்ளே விட்டு, அடித்தண்ணீராக எடுப்பார். ஒரு குழாயில் ஒரு மருந்து, மற்றதில் வேறொன்று, எண்ணி எண்ணிச் சொட்டு விடுவார். இரண்டாவது குழாய் தண்ணீரின் புளிப்பு, காரம் பார்க்க. அதில் ஒரு சிவப்பு வரும், அது வெளுத்தாலும் ஆகாது, கறுத்துச் சிவந்தாலும் ஆகாது, ஏழு புள்ளி நான்கு என்ற கட்டத்தோடு ஒத்துப்போகவேண்டும். முதல் குழாயில் மஞ்சள் வரவேண்டும். மஞ்சள் வந்தால் கிருமியைக் கொல்கிற குளோரின் தண்ணீரில் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் காவல் இல்லை.

மஞ்சள் என்றதும் எனக்குப் பிடித்துப்போயிற்று. நம் வீட்டில் எந்த நல்ல காரியம் மஞ்சள் இல்லாமல் தொடங்குகிறது? அவரிடம் சொன்னேன். "உனக்கு மங்களம். எனக்கு மருந்து. எதுவா இருந்தாலும் வரணும், அவ்ளோதான்" என்றார்.

ஏன் இப்படி எதையும் நம்பமாட்டேன் என்கிறீர்கள் என்று ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். பெட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"எங்க நைனா சுரங்கத்துல வேல. உள்ள எறங்கினா மொதல்ல கடப்பாறையால மேல் பாறையத் தட்டுவாரு. கணீர்னு கேட்டா நிக்கலாம். தொப்புனு கேட்டா வெளிய வந்துடணும். முந்தின ஷிப்ட் ஆளு நான் தட்டிட்டேன்னு சொன்னாலும் இவரு ஒருதரம் தட்டுவாரு."

"அந்த ஆள் மேல நம்பிக்கை இல்லையா?"

"அந்த ஆளு அவரு சொந்தத் தம்பி, யக்கா."

கோபக்காரர் என்றால் அப்படி ஒரு கோபக்காரர். சார் ஒருமுறை நண்பர்களை அழைத்து டப்பில் கொண்டாடினார். வாசனை எண்ணெய், குளியல் உப்பு, அவரவர் உடம்பில் பூசியிருந்த க்ரீம் எல்லாம் அதில்தான். மறுநாள் காலையில் சாரும் மேடமும் விமானம் ஏறிவிட்டார்கள். இவர் வந்து மூடியைத் தூக்கினார். நுரை விளிம்பு வரை நின்றது. யாருமில்லாத நாற்காலிகளைப் பார்த்துத் திட்ட ஆரம்பித்தார்.

"குளிச்சவனுக்கு ஃப்ளைட்டு. குளிப்பாட்டின தண்ணிக்கு யாரு? நான். ஃப்ளைட்டு ஏறங்காட்டியும் ஒரு ஃபோன் பண்ணி 'இத்தினி பேர் எறங்கினோம்'னு சொல்லக் கூடாதா? வெந்நீரு மருந்த சீக்கிரம் தின்னுடும்கா. பச்சத் தண்ணி மாதிரி இல்ல. ஆள் இருக்கற வீட்ல தண்ணிய யாராச்சும் பாப்பாங்க. ஆள் இல்லாத வீட்லதான் கெடும்."

இதையே அவர் சாரிடமும் நேரில் சொல்லியிருக்கிறார். ஊரில் இல்லாத நாட்களில் சூட்டைக் குறைத்து வையுங்கள், ஆனால் மோட்டாரை நிறுத்தாதீர்கள், வாரம் தவறாமல் நான் வந்து பார்க்கிறேன் என்றார். சார் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டார். நாங்களே இல்லாதபோது வாரா வாரம் எதற்கு, பதினைந்து நாளைக்கு ஒருமுறை போதும், நடுவில் அம்மா பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டார். அம்மா என்றால் நான். எட்டாவது வரை படித்த நான்.

அவர் என்னிடம் ஒரு சின்னச் சொட்டுப் பெட்டியைக் கொடுத்தார். மோட்டார் அறையில் தொங்கும் நோட்டில் தினம் தேதி போட்டு, மஞ்சள் வந்தால் மட்டும் சிவப்பின் எண்ணை எழுதச் சொன்னார். "பாக்காத நாளைக்கு கோடு போடு. ஏன் பாக்கலன்னு நான் கேக்கமாட்டேன். நம்பர் மட்டும் போட்டுடாத."

இனி ஆயுத பூஜை. எங்கள் சண்டை அதில்தான் தொடங்கியது.

என் வீட்டுக்காரர் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். பூஜைக்கு லேத்தைக் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டால் மறுநாள் விஜயதசமி பூஜை முடியும்வரை சுவிட்சின் மேல் கை வைக்கமாட்டார். நானும் அப்படித்தான். முந்தின நாளே காயெல்லாம் நறுக்கி வைத்துவிடுவேன். அன்றைக்கு அருவாமணையைத் தொடமாட்டேன், ஊசியைத் தொடமாட்டேன். வருஷமெல்லாம் நமக்கு உழைக்கிற பொருள், ஒருநாள் அதைக் கும்பிட்டு ஓய்வு கொடுக்கிறோம். இதில் என்ன தப்பு?

அவர் வந்த முதல் வருஷம் அவருடைய நீலப் பெட்டியையும் பூஜையில் வைக்கக் கேட்டேன். கொடுக்கமாட்டேன் என்றார்.

"சாமிகிட்ட வெச்சா நாளைக்கு வரைக்கும் தொடக்கூடாதும்ப. தண்ணி காத்துகினு இருக்குமா?"

"ஒருநாள் ஓய்வு குடுத்தா என்ன கொறஞ்சிடும்ணா? எங்க வீட்ல அருவாமணைக்கே ஓய்வு. அன்னிக்கு நான் ஒண்ணையும் தொடமாட்டேன்."

"அருவாமண சும்மா இருந்தா சும்மா இருக்கும். லேத்து நின்னா நிக்கும். இது நின்னா கெடும், யக்கா."

சாமியை மதிக்காத ஆள் என்று எனக்குச் சுருக்கென்றது. அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர். மொபெட்டை உதைக்கும் முன் சிலுவை போட்டுக்கொள்வார். நான் கொடுத்த பொரி கடலையை இரண்டு கையாலும் வாங்கித்தான் தின்றார். அப்படிப்பட்டவர் என் பூஜையை மட்டும் தள்ளிவிட்டார் என்று வருஷம் முழுக்க மனசில் வைத்திருந்தேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு சாரும் மேடமும் வெளிநாட்டில். இவர் வரும் வாரமும் இல்லை. நான் மாடி ஏறி மோட்டாரைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, கடையிலேயே அறுத்து வாங்கி வந்த எலுமிச்சம்பழத்தை இரண்டு பக்கமும் வைத்து, கற்பூரம் காட்டினேன். பிறகு சுவிட்சை அணைத்தேன். பக்தியோடுதான் அணைத்தேன். அவரை ஜெயித்த சந்தோஷமும் அதில் இருந்தது என்பதை இப்போது சொல்லிவிடவேண்டும்.

மறுநாள் அதைப் போட்டிருக்கவேண்டும். மறுநாள் விடிகாலை நாங்கள் திருத்தணி பஸ் ஏறிவிட்டோம். என் மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தால் படியேறி வருகிறேன் என்று முருகனுக்கு வேண்டுதல். இடம் கிடைத்தது, மேடம் ஒரு வார்த்தை சொல்லி வாங்கிக் கொடுத்தது. மூன்று நாள் கழித்துத் திரும்பியபோது முழங்கால் வீங்கியிருந்தது. மாடிப்படியைப் பார்த்தாலே வலித்தது. நாளைக்கு ஏறலாம், நாளைக்கு ஏறலாம் என்று நாட்கள் போயின. ஒன்பதாம் நாள் காலையில் சார் ஃபோன் செய்தார். கன்னடத்தில்தான் பேசுவார்.

"இன்னிக்கு மத்தியானம் வர்றோம்மா. மேடத்தோட தம்பி குடும்பமும் வருது. நீரு ரெடி ஆய்த்தா?"

தண்ணீர் தயாரா என்கிறார். நான் காலை இழுத்துக்கொண்டு ஏறினேன். வாடின மாலையை எடுத்தேன். சுவிட்சைப் போட்டேன். மூடியைத் தூக்கினேன். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. முருகன் காப்பாற்றினான் என்று நினைத்தேன்.

"ஆய்த்து சார். நல்லா இருக்கு" என்றேன். பிறகு நோட்டை எடுத்து, ஒன்பது நாளுக்கும் ஒரே மூச்சில் ஏழு புள்ளி நான்கு, ஏழு புள்ளி நான்கு என்று எழுதி வைத்தேன்.

சார் அவரையும் கூப்பிட்டிருக்கிறார். சரியாக ஒரு மணிக்கு வந்தார். காலைக் கழுவினார். மாடி ஏறினார். "நல்லாதாண்ணா இருக்கு" என்றேன்.

"பாக்கல. பாத்துட்டு சொல்றேன்."

மஞ்சள் வரவில்லை. தண்ணீர் தண்ணீராகவே நின்றது. குழாயைக் கழுவி மறுபடி எடுத்தார். அப்போதும் வரவில்லை. விளிம்பில் விரலை ஓட்டி என்னிடம் நீட்டினார். வழவழவென்று இருந்தது. அடியிலிருந்து பீய்ச்சும் குழாய்களைத் திருகிவிட்டார். பழுப்பாகத் தோல் தோலாக ஏதோ கிளம்பி மேலே வந்தது. நான் பளிங்கு என்று நினைத்த தண்ணீர்.

அவர் நோட்டை எடுத்துப் பார்த்தார். நிதானமாக ஒவ்வொரு தேதியிலும் விரல் வைத்துக்கொண்டு வந்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"ஆயுத பூஜை அன்னிக்கு ஏழு புள்ளி நாலு."

நான் மூடியின் விளிம்பைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"அருவாமணையே தொடாதவ நீ. அன்னிக்கு சொட்டு மருந்த தொட்டியா?"

தலை குனிந்து நின்றேன். அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. கீழே குனிந்து, வடிகால் திருகைத் திறந்துவிட்டார். மருந்தை அதிகமாகப் போட்டுச் சரிக்கட்ட முடியாதா என்று கெஞ்சினேன். குழாய்க்குள் பிடித்த பாசி அப்படிப் போகாது, சாயங்காலத்துக்குள் எதுவும் ஆகாது, எல்லாத்தையும் இறக்கித் தேய்க்கவேண்டும் என்றார். ஆயிரத்தைந்நூறு லிட்டரும் மாடியிலிருந்து இறங்கி ரோட்டோரச் சாக்கடைக்கு ஓடியது. எங்கள் தெருவில் அன்று தண்ணீர் வராத நாள்.

பாதி வடிந்தபோது கார்கள் வந்தன. மேடத்தின் தம்பி மகள், நான்கு வயசுப் பெண், காரிலேயே நீச்சல் உடுப்பு மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். கையில் காற்றடித்த வாத்து. நேரே மாடிக்கு ஓடிவந்து, சகதி மாதிரி அடியில் கிடந்ததைப் பார்த்துவிட்டு வீரிட்டு அழுதாள். அந்தக் குழந்தைதான் அதில் முதலில் இறங்கியிருக்கும். அதன் வாய் வரைக்கும் அந்தத் தண்ணீர் நின்றிருக்கும்.

சார் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"ஏனு இது? யாரைக் கேட்டுத் திறந்தே?"

"தண்ணில மருந்து இல்ல சார். கொழந்த எறங்கக் கூடாது."

"அம்மா நல்லா இருக்குன்னு சொன்னாங்க. நோட்டிலயும் நல்லா இருக்கு."

"நோட்ல இருக்கறது எழுத்து சார். நான் தண்ணியப் பாத்தேன்."

"அப்போ நோட்டு பொய்யா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "யக்கா, நீ சொல்லு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேடமும் பார்த்தார். என் மகளுக்கு இடம் வாங்கிக் கொடுத்த மேடம். தரையில் காலையில் உதிர்ந்த குங்குமம் கொஞ்சம் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நான் தெனமும் பாத்தேன் சார்."

நெற்றியில் திருத்தணி விபூதியோடு சொன்னேன்.

சார் அவரிடம், இனிமேல் இந்தக் கேட்டுக்குள் வராதே என்றார். வேலை இல்லாமல் வேலை காட்டுகிறாய், வந்த விருந்தாளி முன்னால் மானத்தை வாங்கிவிட்டாய் என்றார். நாற்காலியைத் திட்டுகிறவர், நுரையைத் திட்டுகிறவர், அன்று வாயைத் திறக்கவில்லை. நோட்டில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, ஆணியில் மாட்டினார். பெட்டியை மூடினார்.

நான் கேட் வரை பின்னால் போனேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். என் பூஜையை நீ மதிக்காததால்தான் இப்படி என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. அவர் சிலுவை போட்டுக்கொண்டு மொபெட்டை உதைத்தார்.

"அடுத்த வருசம் பூவ வெய்யி, பொட்டு வெய்யி. சுவிட்ச மட்டும் அணைக்காத, யக்கா."

இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. போட்டுக் கொடுத்திருந்தால் அன்றே வேலை போயிருக்கும், அழுதுவிட்டு வேறு வீடு தேடியிருப்பேன். அவரே சொல்லியிருக்கலாமே! என் தலையில் எதற்கு வைத்தார்? பெரிய மனசுக்காரர் என்று காட்டவா? இப்படியெல்லாம் நாள் முழுக்க அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மகள் அந்த வீட்டுக்கு வந்த ஒருநாள் நோட்டைக் காட்டி அவர் எழுதினதைப் படிக்கச் சொன்னேன். அவள் படித்துத் தமிழில் சொன்னாள்: "தண்ணியில மருந்து இல்ல. நான் பார்த்தேன். எத்தனை நாளா இல்லன்னு எனக்குத் தெரியாது. நான் பார்க்கல."

பெரிய மனசும் இல்லை, இரக்கமும் இல்லை. அவர் கண்ணால் பார்க்காததை அவர் எழுதவில்லை, அவ்வளவுதான். என் பொய்யை அவர் பார்க்கவில்லை. பார்த்தது நான் ஒருத்தி. அதனால்தான் என்னைச் சொல்லச் சொன்னார்.

இப்போது ஏஜென்சியிலிருந்து ஒருத்தர் வருகிறார். சீருடை, கழுத்தில் அடையாள அட்டை. செருப்போடு சமையலறையில் உட்கார்ந்து, காபியைக் குடித்துக்கொண்டே ஃபோனில் ஏழு புள்ளி நான்கு என்று தட்டுவார். சார் எந்த ஊரிலிருந்தாலும் அவர் ஃபோனில் பச்சை நிறத்தில் சரி என்று வந்துவிடுமாம். போன வாரம் எனக்குத் தாங்கவில்லை.

"மாடிக்குப் போய்ப் பாத்தியாப்பா?"

"எல்லாம் கரெக்டா இருக்கும்மா. ஆளே இல்லாத வீட்ல தண்ணிக்கு என்ன ஆகும்?"

டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினேன். "மொதல்ல ஏறிப் பாரு. காபி அப்புறம்" என்றேன். என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, ஏஜென்சிக்குப் புகார் சொல்வேன் என்று போய்விட்டார். சொல்லட்டும்.

அவருடைய பழைய எண்ணுக்கு ஃபோன் போட்டுப் பார்த்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை. எங்கே இருக்கிறார் என்று தெரியாது.

நேற்று வெள்ளிக்கிழமை. அந்த வீட்டுச் சாமி அறையில் விளக்கேற்றி முருகன் முன்னால் நின்றால் வாயில் ஒரு மந்திரமும் வரவில்லை. மாடிக்கு ஏறி நின்று சாருக்கு ஃபோன் போட்டேன். டில்லி விமான நிலையத்தில் இருந்தார், பின்னால் அறிவிப்புச் சத்தம். கன்னடத்தில், நிறுத்தாமல், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மோட்டாரை அணைத்தது நான், ஒன்பது நாள் பொய் எழுதினது நான், பெரியவர் சொன்னது அத்தனையும் உண்மை, என்னை என்ன செய்தாலும் சரி என்றேன்.

வரிசையில் யாரிடமோ ஏதோ சொல்லிவிட்டு, சார் கேட்டார்.

"யாரு? ஓ, அந்த டப் ஆளா? அது பழைய கதை, விடும்மா."

ஒரு மனுஷனை எல்லார் முன்னாலும் துரத்திவிட்ட கதை. நான் மாதக்கணக்காகச் சோறு இறங்காமல் சுமந்த கதை. சாருக்கு அது விமானம் ஏறும் வரிசையில் நிற்கும்போது ஞாபகத்துக்குக்கூட வரவில்லை. எனக்கு இத்தனை நாள் பெரியவர்மேல் இருந்த கோபமெல்லாம் ஒன்றுமே இல்லை, அப்போது வந்ததுதான் கோபம்.

"சாயங்காலம் வந்துடுவேன்" என்றார் சார். "நீரு ரெடி ஆய்த்தா?"

மாடிக் கதவு திறந்திருந்தது. மூடியைத் தூக்கித்தான் வைத்திருந்தேன். வெயிலில் தண்ணீர் பளபளவென்று கண்ணைக் கூசவைத்தது. சின்னச் சொட்டுப் பெட்டி என் இடுப்பில் இருந்தது.

"பாக்கல சார்" என்றேன். "பாத்துட்டு சொல்றேன்."